டின்டினைத் தேடி பிரஸ்ஸல்ஸ் போகிறீர்களா? புவாஃபோருக்கு ட்ராம் ஏறுங்கள்

பெல்ஜியக் காமிக்ஸ் நாயகன் டின்டினின் ரசிகர்கள் பிரஸ்ஸல்ஸ் போனால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சுற்றுகிறார்கள். கிராண்ட் பிளாஸ் பக்கத்துக் கடையில் சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ராக்கெட் பொம்மையின் விலையைக் கேட்டுத் திகைப்பது, எத்துவ் தெருவின் சுவர் ஓவியத்தில் இரும்புப் படியில் இறங்கி வரும் டின்டின், ஹேடாக்கோடு ஒரு செல்ஃபி, காமிக்ஸ் அருங்காட்சியகத்தில் இரண்டு மணி நேரம். அத்தோடு அடுத்த ஊருக்கு ரயில்.

அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாம் திரும்பத் திரும்பப் படிக்கும் டின்டின், அதாவது கேப்டன் ஹேடாக் கத்திக்கொண்டும் கால்குலஸ் காது கேளாமலும் கூடவே வரும் டின்டின், உருவான இடம் நகரத்தின் நடுவில் இல்லை. தென்கிழக்கு ஓரத்தில், காடு தொடங்கும் இடத்தில் இருக்கும் ஒரு புறநகரில் இருக்கிறது. பெயர் வாட்டர்மால்-புவாஃபோர். பிரஸ்ஸல்ஸ் வட்டாரத்தின் 19 கம்யூன்களில், அதாவது உள்ளாட்சிப் பகுதிகளில், ஒன்று. சுற்றுலாக் கூட்டம் அங்கே வருவதில்லை. கடையும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. ஒரு ஆல்பத்தை, அதாவது டின்டின் காமிக்ஸ் புத்தகத்தை, கையில் வைத்துக்கொண்டு தெருவில் நடக்க வேண்டியதுதான். முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு நாளை எப்படி அமைத்துக்கொள்வது என்று இங்கே சொல்கிறேன்.

கிளம்பும் முன்: ஒரு ஆல்பம், கொஞ்சம் பின்னணி

இருபத்து மூன்று ஆல்பங்களையும் புரட்ட வேண்டாம். 'செவன் கிரிஸ்டல் பால்ஸ்' ஒன்று போதும். அதிலும் நடுப்பகுதியில் வரும் பேராசிரியர் டாரகன் வீட்டுக் காட்சிகளை நிதானமாகப் பாருங்கள். புழுக்கமான ஒரு மாலையில் டின்டினும் ஹேடாக்கும் கால்குலஸும் அந்தப் பெரிய வில்லாவுக்குப் போகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ராஸ்கர் காப்பாக் என்ற இன்கா மம்மி உட்கார்ந்திருக்கிறது. வெளியே இடி. புகைபோக்கி வழியாக நெருப்புப் பந்து ஒன்று உள்ளே இறங்கி, கால்குலஸை நாற்காலியோடு தூக்கி எறிந்துவிட்டு, மம்மியை மாயமாக்கிவிட்டுப் போகிறது. அன்றிரவு மூவருக்கும் ஒரே கனவு: சன்னல் வழியாக உள்ளே வரும் மம்மி. சின்ன வயதில் இதைப் படித்துவிட்டு விளக்கை அணைக்கத் தயங்காதவர்கள் குறைவு. அந்த வீட்டைத்தான் பார்க்கப் போகிறோம்.

டின்டினை எர்ஜே என்ற புனைபெயரில் வரைந்த ஜார்ஜ் ரெமி 1907 மே 22 அன்று பிரஸ்ஸல்ஸின் எட்டர்பேக் பகுதியில் பிறந்தவர். டின்டின் முதன்முதலில் வெளிவந்தது 1929 ஜனவரி 10 அன்று, ஒரு கத்தோலிக்க நாளிதழின் சிறுவர் இணைப்பில். பத்து ஆண்டுகள் கழித்து, 1939-ல், எர்ஜேயும் மனைவி ஜெர்மெய்னும் புவாஃபோரில் டெல்லர் அவென்யூ 17-ம் எண் வீட்டுக்குக் குடிபோனார்கள். அடுத்த ஆண்டே போர் பெல்ஜியத்துக்குள் வந்துவிட்டது. தம்பதி பிரான்ஸுக்குத் தப்பிப் போய், சில வாரங்களில் திரும்பி வந்து பார்த்தபோது வீட்டை ஜெர்மன் படையின் பிரசாரப் பிரிவு அலுவலகமாக்கி வைத்திருந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். பழைய நாளிதழ் மூடப்பட்டுவிட, எர்ஜே ஜெர்மானியர் கட்டுப்பாட்டில் நடந்த 'லெ சுவார்' பத்திரிகையில் சேர்ந்தார். அந்த ஆண்டுகளில்தான் ஹேடாக் வந்தார் (1940–41-ல் வெளியான 'கிராப் வித் த கோல்டன் க்ளாஸ்'). யூனிகார்ன் கப்பல் வந்தது. 1943-ல் கால்குலஸ் வந்தார். காகிதத் தட்டுப்பாட்டால் காஸ்டர்மன் பதிப்பகம் ஆல்பங்களை 62 பக்கங்களுக்குள், ஆனால் வண்ணத்தில் போடச் சொன்னதும் அப்போதுதான். பழைய கறுப்பு வெள்ளைக் கதைகளை வெட்டி ஒட்டி, வண்ணம் தீட்டி மறுபடி வரைய வேண்டியிருந்தது. தனியாளாகச் சமாளிக்க முடியாமல் 1944 தொடக்கத்தில் எட்கர் ஜேகப்ஸைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். மேடையில் ஆபரா பாடிக்கொண்டிருந்தவர், பின்னாளில் 'பிளேக் அண்ட் மார்ட்டிமர்' வரைந்து தனிப் பெயர் எடுத்தவர்.

போர்க்காலத்தில் ஊர் சுற்ற வழியில்லை, வெளிநாட்டுச் செய்திகளைக் கதையாக்கவும் முடியாது. அதனால் புதையல், கப்பல், பழைய மாளிகை, விசித்திரப் பேராசிரியர்கள் என்று கதை உள்முகமாகத் திரும்பியது. டின்டினுக்குக் கிட்டத்தட்ட ஒரு குடும்பம் அமைந்ததும் இந்த ஆண்டுகளில்தான். அந்தக் கதைகளில் புறநகரின் காற்று அடிக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான். நகரத்தில் திரிந்த பழைய டின்டினைவிட இந்த டின்டின்தான் என் கட்சி.

ட்ராம் 8

லூயிஸ் நிறுத்தத்திலிருந்து 8-ம் எண் ட்ராம் பிடியுங்கள். டிக்கெட் இயந்திரத்தோடு போராட வேண்டியதில்லை. உள்ளே உள்ள கருவியில் வங்கி கார்டைத் தொட்டால் போதும், 60 நிமிடங்களுக்குள் எத்தனை ட்ராம், மெட்ரோ, பேருந்து மாறினாலும் ஒரே கட்டணம்தான். மாறும் ஒவ்வொரு வண்டியிலும் அதே கார்டை மறுபடி தொட வேண்டும். ஆளுக்கு ஒரு கார்டு என்பதையும் மறந்துவிடாதீர்கள்; ஒரே கார்டை இரண்டு பேருக்குத் தட்ட முடியாது. பெயர்ப் பலகைகள் பிரெஞ்சு, டச்சு இரண்டிலும் இருக்கும். புவாஃபோர்தான் டச்சில் போஸ்வோர்டே, உக்கிள்தான் உக்கல். இது தெரியாமல் இரண்டும் வேறு வேறு ஊர் என்று நினைத்து இறங்காமல் போகிறவர்கள் உண்டு.

ட்ராம் லூயிஸ் அவென்யூ வழியாகவே போகும். சன்னலோரம் உட்கார்ந்தால் 162-ம் எண் கட்டடத்தைத் தேடலாம். 1950-களிலிருந்து எர்ஜேயின் ஸ்டூடியோ இயங்கிய இடம் அது. 'டின்டின் இன் டிபெட்' அங்கே உருவானது. வாசலில் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை என்பதால் இறங்க வேண்டாம் என்பது என் யோசனை. அங்கிருந்து லா காம்ப்ர் பூங்காவைத் தாண்டி, பல்கலைக்கழகத்தைத் தாண்டி, பழைய குதிரைப் பந்தய மைதானத்தை ஒட்டி வண்டி போகப் போக வீடுகள் அகலமாகும், மரங்கள் உயரும். புவாஃபோர் ரயில் நிலைய நிறுத்தத்தில் இறங்குங்கள்.

ஊர் நடுவிலிருந்து வீனர் சதுக்கம் வரை 95-ம் எண் பேருந்தும் வருகிறது. திரும்பும் வழியை மாற்றிக்கொள்ள விரும்பினால் அது உதவும்.

டெல்லர் அவென்யூ: அவசரப்படாமல்

ரயில் நிலையத்துக்கும் வீனர் சதுக்கத்துக்கும் இடைப்பட்ட தெரு இது. முதலில் 17-ம் எண். இங்கே உட்கார்ந்துதான் எர்ஜே ஹேடாக்கின் தாடியை வரைந்தார் என்று நினைத்துக்கொண்டு எதிர்ச் சாரியிலிருந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நகரலாம். பிறகு 6-ம் எண். டாரகனின் வில்லாவுக்கு மாதிரியாக இருந்தது இந்த வீடுதான்.

இந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. எர்ஜே பின்னாளில் பேட்டியில் சொன்னது. கதைக்கு ஏற்ற வில்லா ஒன்று வேண்டும் என்று தேடியபோது, பக்கத்திலேயே பொருத்தமான ஒன்றை ஜேகப்ஸ் கண்டுபிடித்தார். இருவரும் அதன் எதிரே நின்று, யாரையும் பற்றிக் கவலைப்படாமல், சாவகாசமாக ஸ்கெட்ச் போட்டுக்கொண்டார்கள். வேலை முடிந்து கிளம்பிய சற்று நேரத்தில் சாம்பல் நிறக் கார்கள் இரண்டு நிறைய ஹிட்லரின் எஸ்.எஸ். படையினர் வந்து அந்த வீட்டு வாசலில் இறங்கினார்கள். வீட்டை அவர்கள் ஏற்கெனவே கையகப்படுத்தி வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. போர் நடக்கும் நேரத்தில், ராணுவம் தங்கியிருக்கும் வீட்டை மூலை முடுக்கு விடாமல் படம் வரைந்துகொண்டிருந்த இரண்டு பேர் கையோடு பிடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆல்பத்தில் அந்த வீட்டைப் போலீஸ் காவல் காக்கிறது, இரவில் தோட்டத்தில் துப்பாக்கி வெடிக்கிறது, மறுநாள் காலை தோட்டத்தில் உலாவப் போன கால்குலஸ் மம்மியின் கங்கணத்தைக் கண்டெடுத்து மாட்டிக்கொண்டு காணாமல் போகிறார். தெருவில் நின்று இதை யோசித்தால், பயந்த காலத்தில் பயத்தைப் பற்றி எழுதிய கதை என்பது சட்டென்று உறைக்கிறது. அறிஞர்கள் ஏழு பேரும் ஒவ்வொருவராக மயங்கி விழும் பகுதியை இந்த ஊரில் வைத்துப் படிப்பது வேறு அனுபவம்.

நடைமுறைக்கு வருவோம். இவை மனிதர்கள் குடியிருக்கும் வீடுகள். மணியை அழுத்தாதீர்கள், கேட்டுக்குள் கால் வைக்காதீர்கள், படம் எடுப்பதானால் எதிர்ச் சாரியில் நின்று, ஆட்கள் முகம் விழாமல் எடுங்கள். ஆல்பத்தின் கட்டத்தை வீட்டுக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிடுவது சுவையான விளையாட்டு. கூரையையும் சன்னல்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அந்தக் கட்டங்களை அப்படியே ஸ்கேன் செய்து வலைப்பூவில் போடும் ஆசை வந்தால் மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். டின்டின் உரிமை வைத்திருப்பவர்கள் காப்புரிமை விஷயத்தில் விட்டுக்கொடுக்காதவர்கள் என்று பெயர் பெற்றவர்கள். வெயில் காலத்தைவிட இலை உதிர்ந்த மாதங்கள் நல்லது. மரங்கள் தழைத்திருக்கும்போது இந்தப் பக்கத்து வீடுகளின் மேல்பகுதி சரியாகத் தெரியாது.

கதையின் பாதியில் நிஜ உலகம் குறுக்கிட்டதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1943 டிசம்பரில் 'லெ சுவார்' இதழில் தொடங்கிய இந்தத் தொடர், 1944 செப்டம்பர் தொடக்கத்தில் நேச நாட்டுப் படைகள் பிரஸ்ஸல்ஸை விடுவித்தபோது அந்தரத்தில் நின்றது. எதிரி கையில் இருந்த பத்திரிகையில் வேலை பார்த்ததற்காக எர்ஜே கைது செய்யப்பட்டார், விடுவிக்கப்பட்டார், மறுபடி கைது செய்யப்பட்டார். பத்திரிகைகளில் வரையத் தடை வந்தது. இதை மழுப்பி எழுதும் ரசிகர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவர் வாசகர்களை அடைந்தது அந்தப் பத்திரிகை வழியாகத்தான். அதன் விற்பனைக்கு டின்டினும் உதவினான். ஜெர்மானியரை எதிர்த்த ரகசியப் படையில் இருந்த ரேமோன் லெப்ளான் என்பவர் துணைக்கு வந்து, 1946 செப்டம்பர் 26 அன்று 'டின்டின்' வார இதழைத் தொடங்கிய பிறகுதான் நின்றுபோன கதை நகர்ந்தது. 'பிளேக் அண்ட் மார்ட்டிமர்' தொடங்கியதும் அதே முதல் இதழில்தான்.

உள்ளூர்க்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பெயர்க் குழப்பம் வரும். டாரகன் என்றால் அங்கே யாருக்கும் தெரியாது. பிரெஞ்சில் அவர் பெர்கமோட். கால்குலஸ் அங்கே தூர்னசோல், டின்டினின் நாய் ஸ்நோயி அங்கே மிலூ. ஹேடாக் மட்டும் அங்கேயும் ஹேடாக்தான்.

வீனர் சதுக்கமும் அதற்கு அப்பாலும்

தெருவின் மறுமுனையில் வீனர் சதுக்கம். காப்பி குடிக்க, சாண்ட்விச் வாங்க ஏற்ற இடம். ஞாயிறு காலை போனால் பக்கத்திலுள்ள ஜில்சன் சதுக்கத்தில் சந்தை நடக்கும். கூட்டமும் பாலாடைக்கட்டி வாசனையுமாக, ஊரே அங்கே இருக்கும்.

நேரம் இருந்தால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று, சுவாய்ன் காடு. பிராபன்ட் பிரபுக்கள் வேட்டையாடிய காடு இது. நெடுநெடுவென்று வளர்ந்த பீச் மரங்களின் ஒரு பகுதி 2017-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ரயில் நிலையத்தை ஒட்டிய டூர்னே-சால்வே பூங்கா வழியாக நுழையலாம். இன்னொன்று, லெ லோஜி, ஃப்ளோரெயால் என்ற தோட்டக் குடியிருப்புகள். முதல் உலகப் போர் முடிந்து வீடில்லாமல் மக்கள் தவித்தபோது, 1920-களில் கூட்டுறவுச் சங்கங்கள் கட்டியவை. லெ லோஜி வீடுகளின் சன்னல் சட்டங்கள் பச்சை, ஃப்ளோரெயாலில் மஞ்சள். ஏப்ரலில் தெருவெல்லாம் ஜப்பானியச் செர்ரி பூத்துக் கிடக்கும். டின்டினுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனாலும் சின்னச் சின்னத் தோட்டங்கள், ஒழுங்கான வேலிகள், சைக்கிளில் போகும் ஒருவர் என்று பார்க்கும்போது, எர்ஜே வரையும் தெளிவான கோடுகளுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி இருக்கும். ஏப்ரலில் போகிறவர்களுக்கு என் ஓட்டு செர்ரிக்குத்தான்.

ஸ்டோக்கல்

வீனர் பக்கமிருந்து அதே 8-ம் எண் ட்ராமில், வந்த திசையிலேயே தொடர்ந்து போங்கள். எர்மன்-டெப்ரூ தாண்டி, கடைசி நிறுத்தமான ரோடபேக்கில் இறங்கி, கீழே மெட்ரோ 1-ம் தடத்துக்கு மாறினால் நான்காவது நிலையம் ஸ்டோக்கல். இதுவும் புறநகர்தான், கிழக்கு ஓரம்.

நிலையத்தின் சுவர்களே இங்கே காட்சி. பிளாட்ஃபாரத்தின் நீளத்துக்கு, ஒவ்வொன்றும் சுமார் 135 மீட்டர் என இரண்டு சுவர்களிலும் டின்டின் உலகத்து ஆட்கள் வரிசையாக வருகிறார்கள். 140-க்கும் மேல். எர்ஜே 1983-ல் இறப்பதற்குச் சற்று முன் போட்ட ஸ்கெட்சுகளை வைத்து அவருடைய ஸ்டூடியோ வரைந்து முடித்தது. நிலையம் திறந்தது 1988-ல். கடைசி நிலையம் என்பதால் ரயில் வந்தால் கொஞ்ச நேரம் நின்று படத்தை மறைத்துக்கொண்டிருக்கும். அது கிளம்பும்வரை காத்திருங்கள். குழந்தைகளோடு போனால், யார் எந்தக் கதையில் வருகிறார் என்று போட்டி வைக்கலாம். பெரியவர்கள் தோற்பார்கள்.

திரும்பும் வழியில் மெரோட்

அதே மெட்ரோவில் நகரை நோக்கி வரும்போது மெரோட்டில் இறங்கினால் சாங்கான்த்நேர் பூங்கா. உள்ளே கலை வரலாற்று அருங்காட்சியகம். அமெரிக்கக் கண்டப் பிரிவில் இரண்டைக் கட்டாயம் பாருங்கள். ஒன்று, 'புரோக்கன் இயர்' கதையில் எல்லோரும் துரத்தும் அரும்பாயா பொம்மைக்கு மாதிரியாக இருந்த, பெருவின் பழைய சிமூ நாகரிகத்து மரச்சிலை. இன்னொன்று, முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கும் மம்மி. காலையில் வில்லாவைப் பார்த்தீர்கள் அல்லவா, அதற்குள் இருந்தவர் இவர்தான் என்பது அருங்காட்சியகத்தின் நிலை. 2020-ல் பெய்ரி டைசா என்ற விலங்குப் பூங்கா, அசல் ராஸ்கர் காப்பாக் எங்களிடம்தான் இருக்கிறார் என்று சொல்லப் போக, இரண்டு தரப்புக்கும் பத்திரிகைகளில் வாய்ச்சண்டையே நடந்தது. ஹேடாக் இருந்திருந்தால் இரு தரப்பையும் திட்டித் தீர்த்திருப்பார்.

பூங்காவிலிருந்து எட்டர்பேக்கில் எர்ஜே பிறந்த ஃபிலிப் போக் தெரு 33-ம் எண் வீடு நடக்கும் தொலைவு. அவர் பிறந்தபோது அந்தத் தெருவுக்கு வேறு பெயர். சுவரில் ஒரு நினைவுப் பலகை உண்டு. கால் வலித்தால் விட்டுவிடலாம்.

இன்னொரு நாள் இருந்தால்

தெற்கே உக்கிளில் டீவெக் கல்லறைத் தோட்டம். 1958-லேயே புதிதாக யாரையும் அடக்கம் செய்வதை நிறுத்திவிட்ட இடம். எர்ஜேவுக்குத் தனி அனுமதி கிடைத்தது. பாசி ஏறிய பழைய கல்லறைகளும் கொடிகளுமாக இருக்கும். போக்குவரத்துக் கழகமான ஸ்டிப்பின் செயலியில் டீவெக் என்று போட்டால் அன்றைய வழி வந்துவிடும்.

அதைவிட முக்கியம் லூவேன்-லா-நவ். பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பெரும்பாலும் ஓட்டின்யியில் மாற வேண்டியிருக்கும். கிறிஸ்தியான் த போர்ட்ஸாம்பார்க் வடிவமைத்த எர்ஜே அருங்காட்சியகம் 2009-ல் அங்கே திறந்தது. அதன் முகவரி லாப்ரடார் தெரு, 26. டின்டின் ஹேடாக்கோடு மாளிகைக்குக் குடிபோவதற்கு முன் தங்கியிருந்த வீட்டின் முகவரி. அசல் பென்சில் கோடுகளை அருகிலிருந்து பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. புவாஃபோரை முதலில் பார்த்துவிட்டு இங்கே வாருங்கள். வரிசையை மாற்றினால் தெருக்களில் என்ன தேடுவது என்று தெரியும் என்று சிலர் சொல்வார்கள், ஆனால் வீட்டைப் பார்த்த கண்ணோடு மூலப் படத்தைப் பார்ப்பதில்தான் ருசி அதிகம்.

இந்த அருங்காட்சியகமும் சாங்கான்த்நேர் பூங்காவில் உள்ள அருங்காட்சியகமும் திங்கட்கிழமை மூடியிருக்கும். ஆகவே ஞாயிறு காலை சந்தையோடு புவாஃபோரில் தொடங்கி, அன்று மாலைக்குள் மம்மியைப் பார்த்துவிட்டு, திங்கள் அன்று டீவெக், செவ்வாய் அன்று லூவேன்-லா-நவ் என்று வைத்துக்கொண்டால் எந்தக் கதவிலும் முட்டிக்கொள்ள வேண்டியிருக்காது. ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் ஞாயிறு.